7 லட்சம் ரூபாய்க்கு என்ன கார் வாங்கலாம்: புதுசா, பழசா?

கையிருப்பும் கடனும் சேர்த்து 7 லட்சம் வரை போகலாம் என்று முடிவு செய்த குடும்பத்துக்கு முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஷோரூமுக்குப் போய் வேகன்ஆர், டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ் மாதிரி ஒரு சின்னப் புது வண்டி எடுக்கலாம். மூன்று நான்கு வருடம் ஓடிய ஸ்விஃப்டோ பலேனோவோ ஐ20-யோ பார்க்கலாம். இல்லையென்றால் ஏழெட்டு வருடம் ஓடிய ஹோண்டா சிட்டி, வெர்னா, சியாஸ். ஆசை காட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

மைத்துனர் ஒன்று சொல்வார், ஆபீஸில் ஒருவர் வேறு சொல்வார், தெருமுனை மெக்கானிக் இரண்டையும் மறுப்பார். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் ஓட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் மருந்துக் கம்பெனி ரெப்புக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் வண்டியை எடுக்கும் ஆசிரியருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. நான் இங்கே மனதில் வைத்திருப்பது வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் வீடு: வார நாட்களில் ஊருக்குள் ஓட்டம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர், வருடத்தில் ஒரு நீண்ட பயணம். வீட்டில் ஒரே கார்.

முதலில் புது வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதம். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் இந்தச் சலுகை. ஆனால் விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. 6 லட்சம் ஷோரூம் விலை உள்ள வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 13 சதவீதம், அதாவது 78,000 ரூபாய். 2023 நவம்பரில் உயர்ந்த விகிதம் இது. 5 லட்சத்துக்குள் என்றால் 12, 10 லட்சத்தைத் தாண்டினால் 18. அப்புறம் இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்பு காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வண்டிக்கு அது மட்டும் 10,640 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பாலிசி, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், மிதியடி, சீட் கவர் எல்லாம் சேர்ந்தால் வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது 7 லட்சத்து 20 ஆயிரத்தை ஒட்டி நிற்கும். டீலர் கொடுக்கும் கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். கேட்பவர்களுக்குப் பல இடங்களில் அது மறைந்துவிடும். இன்சூரன்ஸையும் டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்த 7.20 லட்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வரியும் காப்பீடுமாகப் போனது. வண்டியை மறுநாளே விற்றாலும் அது திரும்பி வராது. பழைய வண்டி வாங்குபவருக்கு உள்ள முதல் லாபம் இதுதான்: தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்றால் ஆயுட்கால வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார்.

சரி, பழசு எவ்வளவு மலிவு? இங்கேதான் பலரும் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் போதாது. வாங்கிய விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்து, இடையில் வைத்திருந்த வருடங்களால் வகுக்க வேண்டும். ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். 7.20 லட்சத்துக்கு எடுத்த புது வண்டி ஐந்து வருடம் கழித்து 3.60 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 72,000 ரூபாய் தேய்மானம். அதே மாடலை நான்கு வருடப் பழசாக 4.20 லட்சத்துக்கு வாங்கி, டயர், பேட்டரி, சர்வீஸ் என்று உடனே 40,000 செலவழித்து, ஐந்து வருடம் ஓட்டி 2.20 லட்சத்துக்கு விற்றால், வருடத்துக்கு 48,000. வித்தியாசம் 24,000. ஆனால் பழைய வண்டிக்கு வாரன்டி கிடையாது. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி என்று வருடத்துக்கு 10,000, 12,000 கூடுதலாக வாங்கிக்கொள்ளும். மிஞ்சுவது மாதம் ஆயிரம் ரூபாய் சொச்சம்.

அப்புறம் இன்னொன்று. அந்தப் புது வண்டியை ஐந்து வருடத்தில் விற்காமல் பத்து வருடம் வைத்திருந்து 2 லட்சத்துக்குக் கொடுத்தால், வருடத் தேய்மானம் 52,000-க்கு இறங்கிவிடுகிறது. பழசை வாங்கி ஐந்து வருடத்தில் மாற்றியவரின் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிட்டது. புதுசா பழசா என்பதைவிட எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. 'ரீசேல் வேல்யூ இருக்கிற வண்டியா பார்த்து எடு' என்ற நித்திய அறிவுரையும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்குத்தான் பொருந்தும். பத்து வருடம் வைத்திருப்பவருக்கு எல்லா மாடலும் கடைசியில் ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு வந்து நிற்கும். அதற்காகப் பிடிக்காத வண்டியைப் பத்து வருடம் ஓட்டுவானேன்?

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஃபோர்டைப் பாருங்கள். மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அன்று முதல் ஃபிகோ, ஆஸ்பயர், இகோஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குப் பேரத்தில் கை தாழ்ந்துவிட்டது. 'கம்பெனியே போயிடுச்சே சார்' என்ற ஒரு வாக்கியம் போதும், விலை இறங்க. ஓனருக்கு நஷ்டம், ஆனால் வாங்குபவருக்கு? சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்கின்றன, வண்டியின் கட்டுமானம் உறுதி. கடைசி வரை ஓட்டித் தீர்க்கப் போகிறவருக்கு அந்த இறங்கிய விலை நல்ல வரவுதான். ஒரே நிபந்தனை, ஃபோர்டு வேலை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னை, கோவை என்றால் கவலையில்லை. சின்ன ஊர் என்றால் பம்பர் கிளிப்புக்குக்கூடக் காத்திருக்க நேரும்.

விலை பேசும்போது இரண்டு இடங்களில் குழப்பம் வரும். ஒன்று, விற்பவர் 'நான் 8 லட்சத்துக்கு எடுத்தேன்' என்று தொடங்குவது. அவர் எடுத்தது பழைய வரியில். கணக்கை இன்றைய புது வண்டி விலையிலிருந்து தொடங்க வேண்டும். வரி குறைந்ததில் ஷோரூம் விலை எட்டு, எட்டரை சதவீதம் இறங்க வேண்டும். பழைய வண்டி விலையும் கூடவே இறங்குவதுதானே முறை? இரண்டு, ஐடிவி, அதாவது காப்பீட்டுக் கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பு. இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் அந்தத் தொகையைக் காட்டி 'கம்பெனியே இவ்வளவு போட்டிருக்கான்' என்பார்கள். அது வயதுக்கு இவ்வளவு என்று கழிக்கும் அட்டவணை: ஒரு வருடம் முடிந்தால் 20 சதவீதம், இரண்டு முடிந்தால் 30, மூன்றில் 40, நான்கில் 50. வண்டி 20,000 கிலோமீட்டர் ஓடியதா, லட்சம் ஓடியதா என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது. சந்தையில் நன்றாகப் போகும் மாடல் ஐடிவியைவிட அதிகம் பெறும், போகாதது குறைவாகப் பெறும்.

இப்போது அந்தப் பெரிய பழசு. புதுசாக எடுத்தால் 14, 15 லட்சம் ஆகக்கூடிய செடான் 5 லட்சத்துக்கு நிற்கும்போது மனம் தடுமாறத்தான் செய்யும். டிக்கி பெரிசு, பின்சீட்டில் கால் நீட்டலாம், நூறில் போனாலும் சத்தமில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் வண்டியின் விலைதான் மூன்றில் ஒன்றாக இறங்கியிருக்கிறதே தவிர, அதன் உதிரிபாகங்கள் இன்னும் 15 லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் விற்கின்றன. சின்ன வண்டியின் 13, 14 இன்ச் டயர் ஒன்று சுமார் 4,000 என்றால், இதன் 16 இன்ச் டயர் 6,000, 7,000. ஹெட்லைட் உடைந்தாலும் ஷாக் அப்சார்பர் போனாலும் இதே கதை. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் பில் லட்சத்தைத் தொடலாம். போதாததற்கு, ஐந்தாறு வருடம் தாண்டிய வண்டிக்கு பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கிடைப்பதும் கஷ்டம். பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் பாதி உங்கள் பையிலிருந்து.

எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், 10,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் சின்ன வண்டிக்கு வருடம் 50,500. 15 கொடுக்கும் பெரிய வண்டிக்கு 67,000-க்கு மேல். மாதம் 1,400 ரூபாய் வித்தியாசம். இதில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. ஏப்ரல் 2023-க்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. பழைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் ஹோஸ்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

பதிவு 15 வருடத்துக்கு. எட்டு வருட வண்டியை வாங்கினால் இன்னும் ஏழு வருடத்தில் எஃப்சிக்கு (தகுதிச் சோதனைக்கு) கொண்டுபோய் நிறுத்தி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தே, நம்பகமான மெக்கானிக் ஒருவரும் பேங்கில் தனியாக ஒரு லட்சமும் இருப்பவர் பழைய சிட்டியை வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். சொகுசுக்கு ஒரு விலை உண்டு, அவர் கொடுக்கிறார். முழு 7 லட்சத்தையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, முதல் பில்லுக்கே கிரெடிட் கார்டைத் தேடுபவர்தான் இதைத் தொடக் கூடாது.

பாதுகாப்பில் புதுசு என்றாலே மேல் என்று சொல்ல முடியவில்லை, பழசு என்றால் கெட்டி என்ற நம்பிக்கையும் சரியில்லை. கார்களை மோதவிட்டுப் பார்த்து ஐந்து வரை நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் சோதனையில் டியாகோ 2020-இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு அல்ட்ரோஸ் ஐந்து. 2023-இல் வேகன்ஆருக்கு ஒன்று, ஆல்டோ கே10-க்கு இரண்டு. அதன் பிறகு மாருதி இவற்றில் ஆறு ஏர்பேக் போட்டுவிட்டது என்றாலும், அந்த நட்சத்திரங்கள் வண்டிக் கூட்டின் உறுதியையும் சேர்த்துப் பார்த்து வந்தவை. பழைய வண்டியில் தேதிதான் முக்கியம். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்திலிருந்து. அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட் என்றால் ஒரே ஏர்பேக்கோடு வந்திருக்கலாம், இன்னும் பழசென்றால் ஒன்றும் இல்லாமலே வந்திருக்கலாம். மாடல் பெயரைப் பார்த்து ஏமாறாமல் வேரியன்ட்டையும் தயாரிப்பு மாதத்தையும் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பாருங்கள்.

கார் கன்சல்டிங் கடைகளுக்குப் போனால் ஒரு வசனம் கட்டாயம் கேட்கும்: "டாக்டர் வண்டிண்ணே, வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான் ஓடியிருக்கு. சனி ஞாயிறு ஷெட்லயே நிக்கும்." தமிழ்நாட்டில் இருக்கும் டாக்டர்களைவிட டாக்டர் ஓட்டிய கார்கள் அதிகம் போலிருக்கிறது. மீட்டரில் 38,000 காட்டுகிறது என்றால், உடனே பெடல்களைப் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங்கில் கை படும் இடம் பளபளவென்று இருந்தால் அது 38,000 ஓடிய வண்டி அல்ல. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். நான்கு டயருமே வண்டியைவிட மூன்று வருடம் இளசு என்றால் பழைய டயர்கள் எத்தனை ஆயிரம் ஓடித் தேய்ந்தன என்று கேளுங்கள். பதிவெண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு எடுக்கலாம், கிலோமீட்டரோடு. ஓனர் கூட வந்தால் எளிது. வரத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

சென்னைப் பக்கத்து வண்டி என்றால் வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளம். அந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவாத கடைசி அடியில் மண் நிறத்தில் ஒரு கோடு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தக் குழியின் மூலையில் காய்ந்த வண்டல். முன்சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருந்தால், காபி கொட்டியது என்ற கதையை நம்ப வேண்டாம். இன்ஜின் ஓடலாம். ஆனால் வயரிங் இணைப்புகளில் இறங்கிய தண்ணீர் இரண்டு வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

டெல்லிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததால் பலர் தள்ளிவிட்டார்கள். இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வேண்டும், தமிழ்நாட்டு வரியை வண்டி வயதுக்கேற்ப மறுபடி கட்ட வேண்டும், அங்கே கட்டியதைத் திரும்ப வாங்க அலைய வேண்டும். மிச்சம் என்று நினைத்தது இதிலேயே கரைந்துவிடும். டி போர்டிலிருந்து (வாடகை வண்டிப் பதிவு) ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவு) மாற்றிய வண்டியும் அப்படித்தான். டாக்சியாக இரண்டு லட்சம் ஓடியிருக்கலாம். ஆர்சியை நிதானமாகப் படியுங்கள்.

டீசலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வருடம் 10,000 ஓட்டுபவருக்கு வேண்டாம். ஊருக்குள் நாலு கிலோமீட்டர் போய்ப் போய் நிறுத்தினால் பிஎஸ்6 டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மின்சாரக் காரில் வீட்டிலேயே சார்ஜ் போட இடமிருந்தால் கிலோமீட்டர் செலவு மிகக் குறைவு, ஆனால் இந்தத் தொகைக்குக் கிடைப்பவை ஊருக்குள் ஓட்டவே ஏற்றவை. ஒரே காராக வைத்துக்கொண்டு சொந்த ஊர்வரை போக நான் யோசிப்பேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்தால் கதை வேறு.

கடன் வாங்கித்தான் எடுக்கிறீர்கள் என்றால் தராசு புதுசின் பக்கம் சாயும். 5 லட்சத்தை 9 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் இஎம்ஐ 10,379, மொத்த வட்டி 1.23 லட்சத்துக்குள். பழைய காருக்கு வட்டி கூட. 14 சதவீதம் என்றால் இஎம்ஐ 11,634, வட்டி 1.98 லட்சம். மேலே பார்த்த மாதம் ஆயிரம் ரூபாய் லாபத்தை இந்த 75,000 விழுங்கிவிடுகிறது. இஎம்ஐ குறையட்டும் என்று ஏழு வருடத்துக்கு நீட்டினால், வண்டியின் மதிப்பு வேகமாகவும் கடன் மெதுவாகவும் குறையும். நடுவில் விற்க வேண்டி வந்தால் கையிலிருந்து போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. பெரும்பகுதி கடன், எட்டுப் பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம், மெக்கானிக் யாரையும் தெரியாது என்றால் புது சின்ன வண்டி. அதிலும் நட்சத்திரம் கூடியதை முதலில் பாருங்கள். கையில் ரொக்கம் இருக்கிறது, நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடுவேன், அல்லது இப்போதுதான் ஓட்டப் பழகுகிறேன் என்பவருக்கு நான்கு வருடப் பழசுதான் சரி, அதுவும் சிங்கிள் ஓனர், தெரிந்தவர் வண்டி என்றால் கேள்வியே வேண்டாம். முதல் கீறல் விழும்போது வயிறு எரியாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. நானாக இருந்தால் இந்த இரண்டாவதைத்தான் எடுப்பேன், மிச்சத்தை ரிப்பேருக்கென்று தனியாக வைத்துவிடுவேன்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போவதில்லை. அதற்கான கடிதத்தை வாங்கி வைத்தால் புது வண்டியின் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழியும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த வண்டி அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை பொறுப்பு உங்கள் தலையில்தான். பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி வாங்குங்கள். வாங்கும் பக்கத்தில் இருந்தால் கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் கடிதமும், ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆர்சியில் உங்கள் பெயர் ஏறும்வரை பத்து, இருபதாயிரமாவது பிடித்து வையுங்கள்.